ரவுட்டர் யு.பி.எஸ்.ஸுக்குக் காப்புரிமை வாங்கலாமா?

கேள்வி: ஓசூரில் எல்.இ.டி. டிரைவர், அடாப்டர் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் டிசைன் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். கரண்ட் போனால் வீட்டு வைஃபை ரவுட்டர் நின்று, திரும்ப இணையம் வரச் சில நிமிடங்கள் ஆகின்றன. கடைகளில் விற்கும் சின்ன யு.பி.எஸ்.களில் சிலது மாறுகிற அந்தக் கணத்தில் ரவுட்டரை ரீஸ்டார்ட் ஆக்கிவிடுகிறது. சிலது பேட்டரிப் பக்கத்து சர்க்யூட்டை 24 மணி நேரமும் ஓடவிட்டுச் சூடாகிறது. நான் வீட்டில் செய்த போர்டில் பூஸ்ட் கன்வர்ட்டர் (பேட்டரி வோல்டேஜை 12 வோல்ட்டுக்கு உயர்த்தும் சர்க்யூட்) தூங்கிக்கொண்டிருக்கும். மெயின்ஸ் போனதை டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி பக்கத்திலேயே, அதாவது வெளியீட்டுப் பக்கத்திலேயே, மோப்பம் பிடித்து, 12 வோல்ட் இறங்குவதற்கு முன்பே பூஸ்ட்டை எழுப்பிவிடுகிறேன். இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஒளி வழியாகச் சிக்னல் கடத்தும் ஆப்டோகப்ளர் கிடையாது. சில நாள் சாயங்காலம் ஆபீஸ் ஆஸிலோஸ்கோப்பில் வைத்துச் சோதித்தேன். கோவையில் ஒரு தயாரிப்பாளரிடம் காட்டி ஒரு சாம்பிளும் கொடுத்திருக்கிறேன். எதுவும் எழுதி வாங்கவில்லை. அடுத்த மாதம் ஒரு கண்காட்சியில் வைக்கவும் யூடியூபில் போடவும் ஆசை. பெட்டிக்கு மோல்டு செய்யப் பணம் கொடுத்த நண்பர், காப்புரிமையில் தன் பெயரும் வர வேண்டும் என்கிறார். ஓர் ஏஜென்சி 2 லட்சத்தில் 'உலகக் காப்புரிமை' வாங்கித் தருவதாகச் சொல்கிறது. காப்புரிமை கிடைக்குமா? சீனாவிலிருந்து காப்பி வந்தால் தடுக்க முடியுமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். இதைப் படித்து முடிக்கும்வரை மட்டுமல்ல, விண்ணப்பம் போட்டு அதற்கு எண் வரும்வரை அந்த வீடியோவைப் போடாதீர்கள், கண்காட்சியிலும் வைக்காதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் போர்டில் எது உங்களுடையது என்று பார்த்துவிடலாம். மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் பதில் அதிலிருந்துதான் வரும்.

ரவுட்டர் யு.பி.எஸ். என்ற பொருள் உங்களுடையது இல்லை, கடையில் இருக்கிறது. ஃப்ளைபேக் அடாப்டர் (டிரான்ஸ்ஃபார்மரில் சக்தியைச் சேர்த்து அடுத்த கணம் வெளியீட்டுக்கு விடும் வகை), லித்தியம் பேட்டரி, பூஸ்ட் கன்வர்ட்டர் எல்லாமே பழையவை. 'மெயின்ஸ் போகப் போகிறது' என்று முன்கூட்டியே எச்சரிப்பதும் பழையதுதான். மேசைக் கணினியின் ஏ.டி.எக்ஸ். பவர் சப்ளையில் சாம்பல் நிறக் கம்பி ஒன்று வருமே, 'பவர் ஓகே' என்பார்கள், அதன் வேலையே அதுதான். வெளியீட்டு வோல்டேஜ் இறங்குவதற்குக் குறைந்தது ஒரு மில்லி செகண்ட் முன்பே அந்தக் கம்பி கீழே வந்துவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆகவே 'மின்சாரம் போவதை முன்பே அறிந்து பேட்டரிக்கு மாறும் கருவி' என்று எழுதிக்கொண்டு போனால், காப்புரிமை அலுவலக ஆய்வாளர் முதல் பார்வையிலேயே நிராகரிப்பார். அவர் செய்வதும் சரிதான்.

உங்களுடையது வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். 230 வோல்ட் ஏ.சி.யை ரெக்டிஃபை செய்தால் பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் நிற்கும். ஃப்ளைபேக்கில் பிரைமரி, அதாவது மெயின்ஸ் பக்கத்து, ஸ்விட்ச் ஆன் ஆகியிருக்கும் நேரத்தில் செகண்டரி டயோடு மின்சாரத்தைக் கடத்துவதில்லை. அதன் ஆனோடில் நெகட்டிவ் வோல்டேஜ் தெரியும். அந்த நெகட்டிவ் எவ்வளவு என்பது கெப்பாசிட்டர் வோல்டேஜை டர்ன்ஸ் விகிதத்தால் (டிரான்ஸ்ஃபார்மரின் இரு பக்கச் சுற்று எண்ணிக்கைகளின் விகிதம்) வகுத்தால் வரும். பத்துக்கு ஒன்று விகிதம் என்றால் 325 வோல்ட்டுக்கு மைனஸ் 32 வோல்ட் அளவு. மெயின்ஸ் போய் கெப்பாசிட்டர் 200-க்கு இறங்கினால் மைனஸ் 20. இத்தனைக்கும் 12 வோல்ட் வெளியீடு அசையாமல் நிற்கும், ஏனென்றால் கன்ட்ரோலர் இன்னும் சமாளித்துக்கொண்டிருக்கிறது. ஒரு ரவுட்டர் இழுக்கும் 12 வாட்டுக்கு, 22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருந்தாலே சில பத்து மில்லி செகண்டுகள் கிடைக்கும். தூங்கும் பூஸ்ட்டை எழுப்ப அது தாராளம். வெளியீட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் யு.பி.எஸ்.ஸுக்கு இந்த அவகாசம் கிடையாது. அதனால்தான் அவர்கள் பூஸ்ட்டை எப்போதும் ஓடவிடுகிறார்கள், அல்லது ரவுட்டரை ரீஸ்டார்ட் ஆக விடுகிறார்கள்.

செகண்டரியில் அந்த நெகட்டிவ் வோல்டேஜ் தெரியும் என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். அதை அளந்து பார்ப்பதும் புதிதாக இருக்காது. ஆனால் அந்த அளவைக் கொண்டு பேட்டரிப் பக்கத்தைத் தூக்கத்திலிருந்து எழுப்புவது, அதனால் சும்மா காத்திருக்கும்போது மின் இழப்பும் இல்லை, மாறும்போது இடைவெளியும் இல்லை என்ற இரண்டு பலனையும் ஒரே சமயத்தில் பெறுவது, அதுதான் உங்கள் கண்டுபிடிப்பாக இருக்க வாய்ப்புள்ள இடம். லோடுக்குத் தக்கபடி, அதாவது ரவுட்டர் இழுக்கும் மின்சாரத்துக்குத் தக்கபடி, எழுப்பும் வரம்பை மாற்றிக்கொள்கிறீர்கள் என்று நீங்கள் அனுப்பிய வரைவின் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை ஏன் கடைசியில் போட்டீர்கள் என்று தெரியவில்லை. என் கணிப்பில் உங்களிடம் இருப்பதிலேயே வலுவானது அந்த வரிதான். ரவுட்டர் குறைவாக இழுக்கும்போது கெப்பாசிட்டர் மெதுவாக இறங்கும். அப்போது காத்திருந்து எழுப்பினால், வோல்டேஜ் ஒரு கணம் துடித்துத் திரும்பும்போதெல்லாம் பேட்டரி வீணாக விழிக்காது. நம் ஊர் மின்சாரத்தில் இது பெரிய விஷயம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், இந்தியச் சட்டத்தில் பவர் சர்க்யூட் விண்ணப்பங்கள் அதிகம் அடிபடுவது இந்த இடத்தில்தான். 1970-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவு, தெரிந்த கருவிகளைச் சும்மா சேர்த்து வைத்து, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனித்தனியாகச் செய்துகொண்டிருந்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது. மிர்சாபூர் பாத்திரத் தொழில் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதையொட்டியதே: பட்டறையில் வழக்கமாகச் செய்துகொள்ளும் சிறு முன்னேற்றம் போதாது, பழைய பாகங்களைச் சேர்த்தால் அந்தச் சேர்க்கையிலிருந்து புதிய பலனோ, மேலான அல்லது மலிவான பொருளோ வர வேண்டும். கடைந்தெடுக்கும்போது பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளும் ஒரு கருவிக்கு இருந்த காப்புரிமை அந்த வழக்கில் நிற்கவில்லை. உங்கள் விண்ணப்பத்தில் அடாப்டரை ஒரு பத்தியிலும் பேட்டரியை இன்னொரு பத்தியிலும் விவரித்துவிட்டு நிறுத்தினால் 3(எஃப்) வந்து நிற்கும். அடாப்டரில் எடுத்த அளவு பேட்டரிப் பக்கத்தின் நடத்தையை எப்படி மாற்றுகிறது என்று வேவ்ஃபார்முடன், மில்லி செகண்ட் கணக்குடன், தூக்கத்தில் எத்தனை மைக்ரோ ஆம்பியர் என்ற அளவுடன் எழுதினால் ஆய்வாளரிடம் பேச உங்களுக்கு ஆதாரம் இருக்கும். ஆஸிலோஸ்கோப் படங்களைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.

உங்கள் துறையிலேயே பெயர்பெற்ற ஒரு உதாரணம் சொல்கிறேன். 1977-ல் வந்த ஆப்பிள் 2 கணினிக்கு ஃபேன் வேண்டாம் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் பிடிவாதமாக இருந்தார். பழைய லீனியர் பவர் சப்ளை போட்டால் சூட்டைத் தாங்க முடியாது. ராட் ஹோல்ட் என்ற இன்ஜினியர் ஃப்ளைபேக் முறையில், மின்சாரத்தை வேகமாக ஆன்-ஆஃப் செய்து மாற்றும் ஒரு ஸ்விட்சிங் சப்ளை செய்து கொடுத்தார். பிளஸ் 5, பிளஸ் 12, மைனஸ் 5, மைனஸ் 12 என்று நான்கு வோல்டேஜ் தரும். 1978 பிப்ரவரியில் விண்ணப்பித்து அதே வருடம் டிசம்பரில் அமெரிக்கக் காப்புரிமை 4,130,862 கிடைத்தது. ஸ்விட்சிங் சப்ளையையே கண்டுபிடித்தவர் அவர்தான் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. விண்வெளிக் கருவிகளிலும் மற்ற நிறுவனங்களின் கணினிகளிலும் அது முன்பே இருந்தது. அதிக வோல்டேஜ் தாங்கி வேகமாக ஸ்விட்ச் ஆகும் டிரான்சிஸ்டர்கள் மலிவானதும் பலரும் அந்தப் பக்கம் போனார்கள். ஹோல்ட்டின் காப்புரிமை அவருடைய குறிப்பிட்ட சர்க்யூட் அமைப்புக்கு. அதனால் அவர் திறமை குறைந்துவிடாது. ஒரு துறையில் எல்லாரும் ஒரே திசையில் நடக்கும்போது தான் வைத்த அடி எது என்று காட்டத் தெரிவதுதான் காப்புரிமையில் வேண்டும்.

ஆப்பிளின் மேக்சேஃப் சார்ஜர் இன்னொன்று. காந்தத்தால் ஒட்டி, யாராவது ஒயரில் கால் தடுக்கினால் கழன்றுவிடும் இணைப்பு. லேப்டாப் கீழே விழாது. ஆனால் ஜப்பானில் சமையலறைச் சாதனங்களில் காந்தப் பிளக் அதற்கு முன்பே இருந்தது, கொதிக்கும் தண்ணீரையோ எண்ணெயையோ குழந்தைகள் ஒயரோடு இழுத்துவிடாமல் இருக்க. ஆகவே 'காந்தத்தால் ஒட்டும் பிளக்' என்று உரிமை கேட்க வழியில்லை. எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் சரியாகப் பொருந்தும்படி மின்முனைகளைச் சமச்சீராக அடுக்கியது போன்ற நுணுக்கங்களை வைத்தே கேட்டார்கள், 2007-ல் கிடைத்தது.

இனி உரிமைக்கோரலுக்கு வருவோம். விண்ணப்பத்தில் பக்கம் பக்கமாக விளக்கம் இருந்தாலும், நீதிமன்றத்தில் பேசுவது கடைசியில் எண் போட்டு எழுதும் உரிமைக்கோரல்கள்தான். நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவது போல. வித்தியாசம் என்னவென்றால், இங்கே அதிகம் எழுத எழுத நிலம் சுருங்கும். நீங்கள் அனுப்பிய வரைவின் முதல் கோரல் இப்படிப் போகிறது: '12 வோல்ட் வெளியீடும் 18650 லித்தியம் பேட்டரியும் கொண்ட ரவுட்டருக்கான யு.பி.எஸ்.; அதில் செகண்டரி டயோடின் ஆனோடில் இரண்டு ரெசிஸ்டர் மூலம்...' என்று. ஒருவர் உங்கள் உரிமையை மீறினார் என்று சொல்ல, அந்த வாக்கியத்தில் உள்ள ஒவ்வொரு பாகமும் அவர் பெட்டிக்குள் இருக்க வேண்டும். அவர் 9 வோல்ட்டில் செய்தால்? பேட்டரிக்குப் பதில் சூப்பர்கெப்பாசிட்டர் போட்டால்? ரவுட்டருக்கு என்று சொல்லாமல் கேமராவுக்கு என்று விற்றால்? உங்கள் யோசனை முழுக்க அங்கே இருக்கும், உங்கள் காப்புரிமை அவரைத் தொடாது.

முதல் கோரலில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்: உள்ளீடும் வெளியீடும் மின்சார ரீதியாகப் பிரிக்கப்பட்ட ஸ்விட்சிங் மாற்றி, அதன் டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீட்டுப் பக்கத்துச் சுற்று ஒன்றிலிருந்து உள்ளீட்டு வோல்டேஜைக் காட்டும் சிக்னல் எடுக்கும் பகுதி, ஓய்வு நிலையில் இருக்கும் இரண்டாவது மின்மூலம், வெளியீட்டு வோல்டேஜ் தன் வரம்பை விட்டு இறங்குவதற்கு முன், லோடைப் பொறுத்து மாறும் ஓர் எல்லையை அந்தச் சிக்னல் தாண்டியதும் ஓய்வு நிலையை முடிக்கும் கட்டுப்பாடு. 12 வோல்ட், லித்தியம், ரவுட்டர், ரெசிஸ்டர் எல்லாம் அடுத்தடுத்த துணைக் கோரல்களில் வரட்டும். முதல் கோரல் ஆய்வில் அடிபட்டாலும் பின்வாங்கி நிற்க அவை இடம் கொடுக்கும். கட்டுப்பாடு மைக்ரோகன்ட்ரோலரில் ஓடுகிறது என்பதால் ஒரு எச்சரிக்கை: கணினி நிரலுக்கு மட்டும் என்று படும்படி கோரல் எழுதினால் 3(கே) பிரிவு குறுக்கே வரும். ஹார்ட்வேரில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லியே எழுத வேண்டும்.

இப்போது மிக அவசரமான விஷயம், உங்கள் வேலை. கம்பெனியில் இருப்பவர் செய்த கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்று இந்தியக் காப்புரிமைச் சட்டம் தனியாக எதுவும் சொல்லவில்லை. பிரிட்டனில் அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. இங்கே எல்லாம் நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில்தான். வேலையில் சேர்ந்த அன்று கொடுத்த அப்பாயிண்ட்மென்ட் ஆர்டரையும் அதோடு இணைத்த ரகசியக் காப்பு ஒப்பந்தத்தையும் இன்றே எடுத்துப் படியுங்கள். 'வேலை நேரத்திலோ அதற்கு வெளியிலோ, கம்பெனியின் தொழில் சார்ந்து செய்யும் எதுவும் கம்பெனிக்கே' என்ற மாதிரி வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கம்பெனி செய்வது அடாப்டர். நீங்கள் செய்ததும் அடாப்டரின் மேல் ஒரு வேலை. ஆபீஸ் ஆஸிலோஸ்கோப்பையும் பயன்படுத்தியிருக்கிறீர்கள். அது ஒன்றினாலேயே உரிமை கைமாறிவிடாது. ஆனால் நாளைக்குத் தகராறு என்று வந்தால் முதலில் எடுத்துப் பேசுவது அதைத்தான்.

வாசகம் அப்படித் தெளிவாக இருந்தால், தயவுசெய்து மறைத்துச் செய்யாதீர்கள். உரிமையில்லாதவர் வாங்கிய காப்புரிமையை எதிர்க்கவும் ரத்து செய்யவும் சட்டத்தில் இடமிருக்கிறது, வேலையும் போகும். மேலதிகாரியிடம் எழுத்து மூலம் சொல்லுங்கள். 'இது நம் தயாரிப்பு வரிசையில் இல்லை, எனக்கு விட்டுத்தர முடியுமா?' என்று கேளுங்கள். விட்டுத்தந்தால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். அவர்களே விண்ணப்பிப்பதாக இருந்தால், கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர் வர வேண்டும் என்பதில் உறுதியாக இருங்கள், பரிசுத்தொகையோ பங்கோ பேசுங்கள். மேலே சொன்ன ஆப்பிள் 2 பவர் சப்ளைக் காப்புரிமையும் ஆப்பிள் நிறுவனத்துக்கே ஒப்படைக்கப்பட்டது. கண்டுபிடிப்பாளர் என்று அதில் நிற்கும் பெயர் ஹோல்ட். உங்களைப் போன்ற டிசைன் இன்ஜினியருக்கு அந்தப் பெயர் வாழ்நாள் முழுக்க உதவும் தகுதி. ஒப்பந்தம் இதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை என்றால் உங்கள் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். சந்தேகம் இருந்தால், விண்ணப்பத்துக்கு முன் தொழிலாளர் ஒப்பந்தங்கள் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் அந்தத் தாளைக் காட்டிவிடுங்கள்.

சரி, கண்காட்சி. அமெரிக்காவில் தான் வெளியிட்ட ஒன்றுக்கு ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்கலாம். ஆப்பிள் 2-ஐ 1977 ஏப்ரலில் கண்காட்சியில் காட்டிவிட்டு அடுத்த பிப்ரவரியில் பவர் சப்ளைக்கு விண்ணப்பிக்க முடிந்தது அங்கே என்பதால்தான். இங்கே பொதுவாக அந்தச் சலுகை இல்லை. சட்டத்தின் 31-வது பிரிவு, மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிகளுக்கும் அறிவியல் சங்கத்தின் முன் வாசித்த கட்டுரைகளுக்கும் 12 மாதம் விலக்குக் கொடுக்கிறது. நீங்கள் ஸ்டால் போட நினைக்கும் வணிகக் கண்காட்சி அதில் வரும் என்று நம்பி இறங்கக் கூடாது. யூடியூப் வீடியோவுக்கு எந்த விலக்கும் இல்லை. வீடியோவில் சர்க்யூட்டைக் காட்டிய மறுநாள் விண்ணப்பித்தாலும், உங்கள் வீடியோவையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள்.

கோவைக்காரரிடம் காட்டியதைப் பற்றிப் பெரிதாகப் பயப்பட வேண்டாம். ஒரே ஒருவரிடம் வியாபாரப் பேச்சில் ரகசியமாகக் காட்டியதைப் பொதுவெளியில் வெளியிட்டதாகச் சொல்ல முடியாது. ஆனால் அது ரகசியம் என்பதற்கு உங்களிடம் சான்று இல்லை. இன்றே அவருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: 'நாம் பேசியபடி சாம்பிளையும் விவரங்களையும் உங்களுக்குள் வைத்துக்கொண்டதற்கு நன்றி, சோதனை முடிந்ததும் சாம்பிளைத் திருப்பி அனுப்பவும்' என்று. அவர் 'சரிங்க' என்று ஒரு வார்த்தை பதில் போட்டாலும் போதும். இனி யாரிடம் காட்டினாலும், டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிக் கொடுப்பவர் உட்பட, முதலில் கையெழுத்து.

இந்த நிலையில் உங்களுக்கு ஏற்றது தற்காலிக விண்ணப்பம். உரிமைக்கோரல் இல்லாமலே போடலாம், தேதி பதிவாகிவிடும், முழு விண்ணப்பம் கொடுக்க 12 மாதம் அவகாசம். ஆனால் தற்காலிகம் என்பதால் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அதில் எழுதாத எதற்கும் அந்தத் தேதி கிடைக்காது. லோடுக்குத் தக்க வரம்பு மாற்றத்தை விட்டுவிட்டு விண்ணப்பித்து, பிறகு கண்காட்சியில் அதைச் செய்து காட்டினால், கைவசம் இருந்ததிலேயே நல்லதை நீங்களே இழந்துவிடுவீர்கள். ஃப்ளைபேக் தவிர வேறு எந்த வகைச் சர்க்யூட்டில் இது வேலை செய்யும், டயோடு ஆனோடுக்குப் பதில் தனிச் சுற்று போட்டால் எப்படி, டயோடு இடத்தில் மாஸ்ஃபெட் இருந்தால் எப்படி என்று யோசிக்க முடிந்த எல்லா மாற்றுகளையும் படத்தோடு எழுதிவிடுங்கள்.

அதற்கு முன் ஒரு வாரம் தேடுங்கள். கூகுள் பேட்டன்ட்ஸ், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், நம் அலுவலகத்தின் தேடுதளம் மூன்றும் இலவசம். வார்த்தைகளை மட்டும் நம்பாமல் வகைப்பாட்டு எண்ணிலும் தேடுங்கள். தானாக மாறும் அவசர மின்வழங்கல் எல்லாம் எச்02ஜே 9/06 என்ற எண்ணின் கீழே வரும். நீங்கள் செய்தது அப்படியே கிடைத்தால் வருத்தமாக இருக்கும், ஆனால் செலவு மிச்சம். பாதி கிடைத்தால் நல்லது. மீதிப் பாதியை இன்னும் கூர்மையாக எழுத அது உதவும். தேடாமல் எழுதிய விண்ணப்பத்தை நான் கையில் எடுப்பதே இல்லை.

செலவு. தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். ஆய்வு கேட்டு விண்ணப்பிக்க 4,000. கோரல்கள் பத்துக்கு மேலும் பக்கங்கள் முப்பதுக்கு மேலும் போனால் கொஞ்சம் கூடும். கிடைத்த பிறகு 3 முதல் 6-வது வருடம் வரை வருடத்துக்கு 800, பிறகு படிப்படியாக ஏறி 16 முதல் 20-வது வருடம் வரை வருடத்துக்கு 8,000. காப்புரிமை விண்ணப்பத் தேதியிலிருந்து 20 வருடம். 2024 மார்ச்சில் விதிகள் மாறின. ஆய்வு கேட்க இருந்த 48 மாத அவகாசம் 31 மாதமாகச் சுருங்கிவிட்டது, தவறவிட்டால் விண்ணப்பத்தை நீங்களே திரும்பப் பெற்றதாகக் கருதிவிடுவார்கள். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு கிண்டியில் இருக்கும் சென்னை அலுவலகம்தான். பெரிய செலவு, எழுதிக் கொடுக்கும் முகவருக்கான கட்டணம். பணத்தை அங்கே சிக்கனம் பிடிக்காதீர்கள். பவர் எலெக்ட்ரானிக்ஸ் புரிந்த முகவராகப் பாருங்கள். முதல் சந்திப்பில் டயோடு ஆனோடில் ஏன் நெகட்டிவ் வருகிறது என்று அவர் உங்களைக் குறுக்குக் கேள்வி கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

'உலகக் காப்புரிமை' என்று ஒன்று கிடையாது. இருப்பது பி.சி.டி. என்ற பன்னாட்டு விண்ணப்ப முறை. முதல் விண்ணப்பத்திலிருந்து 12 மாதத்துக்குள் அதைப் போட்டால், எந்தெந்த நாட்டுக்குப் போவது என்று முடிவெடுக்கப் பெரும்பாலும் 30 அல்லது 31 மாதம் வரை நேரம் கிடைக்கும். அப்புறம் ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாகக் கட்டணம், தனித்தனியாக ஆய்வு. அந்த ஏஜென்சி 2 லட்சத்துக்கு என்ன தரப்போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். இந்தியாவில் வசிப்பவர் இங்கே விண்ணப்பித்து ஆறு வாரம் ஆகாமல், அனுமதியும் வாங்காமல் வெளிநாட்டில் நேராக விண்ணப்பிக்கக் கூடாது என்று 39-வது பிரிவு சொல்வதை அவர்கள் உங்களிடம் சொன்னார்களா என்றும் பாருங்கள்.

நண்பர் விஷயத்தில் மனக்கசப்பு வராமல் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் விட்டுக்கொடுக்காதீர்கள். பணம் போட்டவர் கண்டுபிடிப்பாளர் ஆக மாட்டார். கண்டுபிடிப்பாளர் என்று அவர் பெயரைப் போடுவது பொய்யான தகவல் கொடுப்பது. கூட்டு உரிமையாளராகச் சேர்க்கச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் 50-வது பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கூட்டு உரிமையாளர்களில் ஒவ்வொருவரும் மற்றவருக்குக் கணக்குக் காட்டாமல் தயாரித்து விற்கலாம். மற்றவர் சம்மதம் இல்லாமல் யாருக்கும் உரிமம் கொடுக்கவோ தன் பங்கை விற்கவோ முடியாது. நாளைக்குக் கோவைக்காரர் உரிமம் கேட்டு வரும்போது உங்கள் நண்பர் கையெழுத்துப் போட மறுத்தால் எல்லாம் அப்படியே நின்றுவிடும். மோல்டு பணத்துக்குக் கடன் பத்திரம் எழுதுங்கள், அல்லது விற்பனையில் இத்தனை சதவீதம் என்று எழுதிக் கொடுங்கள். அவருக்கும் அதுதான் பாதுகாப்பு.

சீனக் காப்பி பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தியக் காப்புரிமை இருந்தால் இந்தியாவுக்குள் இறக்குமதி செய்து விற்பதைத் தடுக்கக் கேட்கலாம். உங்கள் விஷயத்தில் ஒரு நல்ல அம்சம், மீறலைக் கண்டுபிடிப்பது எளிது: பெட்டியைத் திறந்து டயோடில் ப்ரோப் வைத்தால் தெரிந்துவிடும். ஆனால் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஒரு காலத்தில் சுங்கத் துறையில் பதிவு செய்தே சரக்கை நிறுத்த முடிந்தது. மதுரைக்காரர் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட சிம் போடும் செல்போனுக்கு 2008-ல் வாங்கிய காப்புரிமையை வைத்து இறக்குமதிகளை அப்படி நிறுத்தினார், நாடே பேசியது. 2012-ல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் அந்தக் காப்புரிமையை ரத்து செய்தது. 2018-ல் சுங்க விதிகளிலிருந்தே காப்புரிமையை எடுத்துவிட்டார்கள். எதிராளிகள் பெரிய கம்பெனிகளாக இருக்கும்போது அவர்கள் முதலில் தாக்குவது உங்கள் காப்புரிமையின் அடித்தளத்தைத்தான். இப்போது தேடுவதற்கும் கோரல் எழுதுவதற்கும் செலவழிக்கும் நாட்கள் அந்த நாளுக்காகத்தான்.

இன்னும் ஒன்று. காப்புரிமை கிடைத்தாலும் அது மற்றவரைத் தடுக்கும் உரிமையே தவிர, நீங்கள் விற்பதற்கான அனுமதி இல்லை. அடாப்டர், யு.பி.எஸ்., லித்தியம் பேட்டரி மூன்றுமே இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் கட்டாயப் பதிவுக்குள் வருபவை. ஆப்டோகப்ளர் இல்லாவிட்டாலும் பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே போர்டில் இடைவெளி சரியாக இருக்கிறதா என்று ஆய்வகத்தில் நிச்சயம் பார்ப்பார்கள். கோவைக்காரரிடம் விலை பேசும்போது இந்தச் சோதனைச் செலவு யாருடையது என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெட்டியின் வடிவம் அழகாக இருக்கிறது; அதற்குத் தனியாக வடிவமைப்புப் பதிவு செய்யலாம், அதையும் கண்காட்சிக்கு முன்பே.

அப்பாயிண்ட்மென்ட் ஆர்டரில் அந்த வாசகம் எப்படி இருக்கிறது என்று, கம்பெனி பெயரை மறைத்துவிட்டு, எனக்கு எழுதுங்கள். சர்க்யூட் படத்தை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம், எனக்கும்கூட. நான் பார்த்ததை என்னோடு வைத்துக்கொள்கிறேன். இங்கே எழுதியதிலும் உங்கள் போர்டின் முக்கியமான இணைப்புகளும் நுணுக்கமும் வெளிப்பட்டுவிடும் என்பதால், உங்கள் விண்ணப்ப எண் கைக்கு வந்த பிறகே இந்தப் பதிலை வெளியிடச் சொல்லியிருக்கிறேன்.